கழலாத கம்பி

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போய், தண்டலத்தில் வலப்பக்கம் பேரம்பாக்கம் சாலையில் திரும்பினால் சில கிலோமீட்டரில் மண்ணூர். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர். வயல், ஏரிக்கரை, தகரக் கூரைத் தொழிற்கூடம், பொறியியல் கல்லூரிப் பேருந்து எல்லாம் அடுத்தடுத்துக் கண்ணில் படும் வட்டாரம். இறுதியாண்டு புராஜெக்ட் காலம் வந்தால் இந்தப் பக்கத்துப் பேருந்துகளில் ஒரு காட்சியைக் காணலாம். மாணவர் ஒருவர் மடியில் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வைத்து இரு கைகளாலும் பிடித்திருப்பார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார். டப்பாவுக்குள் வெள்ளை நிறத் துளைப் பலகை, அதாவது ப்ரெட்போர்டு. அதன்மேல் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஜம்பர் வயர்கள். முந்தின இரவு விடுதி அறையில் அது ஒழுங்காக வேலை செய்தது. கல்லூரி ஆய்வகத்தில் மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரியாது. எந்தக் கம்பி கழன்றது என்று தேடுவதிலேயே வைவா நேரம் தீர்ந்துபோகும்.

அங்கிருந்து அதிகத் தூரமில்லாத சுங்குவார்சத்திரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தயாராகிற கைபேசிகளுக்குள்ளும் கார்களுக்குள்ளும் வேறு வகைப் பலகைகள் இருக்கின்றன. அவை லாரியில் குலுங்கி, கப்பலில் உப்புக் காற்றுப் பட்டு, யாரோ ஒருவர் கையிலிருந்து தரையில் விழுந்து, அதன் பிறகும் வேலை செய்கின்றன. இரண்டு பலகைகளிலும் ஓடுவது அதே மின்சாரம், அதற்குக் கட்டளையிடுவது அதே ஓம் விதி. வேறுபடுவது, கம்பியும் கம்பியும் சேருகிற இடம். இந்த அத்தியாயம் அந்த இடத்தைப் பற்றியது.

பேசுவதற்கு வசதியாக ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தி, குறைந்தால் ஓடவிடும் கருவி. ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர், தொட்டிக்குள் மிதக்கும் சுவிட்ச் இரண்டு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே. மாணவர் புராஜெக்ட்டுகளில் அதிகம் காணப்படும் கருவிகளில் இதுவும் ஒன்று. ப்ரெட்போர்டில் இதை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். ஐந்து வருடம் மாடியில் ஓடவைப்பதுதான் பாடு.

ப்ரெட்போர்டு என்ற பெயருக்குக் காரணம் உண்மையான ரொட்டிப் பலகைதான். வானொலியின் தொடக்க காலத்தில் மேலைநாட்டு வீடுகளில் ரேடியோ கட்டிப் பார்த்தவர்கள், அடுக்களையில் ரொட்டி அறுக்கும் மரப்பலகையை எடுத்து, அதில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி செம்புக் கம்பி சுற்றினார்கள். இன்றைய வெள்ளைப் பலகையை வடிவமைத்தவர் ரொனால்ட் போர்ச்சுகல். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் இ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்துக்காக 1971-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். துளைக்கும் துளைக்கும் நடுவே 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அக்கால ஐசிகளின் கால்களுக்கு இடையே இருந்த இடைவெளியும் அதுவே. பெரிய பலகையில் 830 துளைகள். ஒவ்வொரு ஐந்து துளைக்கும் அடியில் ஒரு நீண்ட உலோகக் கவ்வி படுத்திருக்கிறது. கம்பியைச் செருகினால் கவ்வியின் இரு உதடுகளும் விலகி, பிறகு ஸ்பிரிங் போலத் திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. கொடியில் துணிக்குப் போடும் கிளிப் செய்வதும் இதே வேலைதான்.

கிளிப்பின் குணமெல்லாம் இதற்கும் உண்டு. தடித்த துணிக்குப் போட்ட கிளிப் பிறகு மெல்லிய துணியைச் சரியாகப் பிடிக்காது. தடித்த கால் கொண்ட டயோடைச் செருகிய துளை பிறகு மெல்லிய ஜம்பர் வயரைச் சரியாகப் பிடிக்காது. உலோகப் பரப்புகள் எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் மேடு பள்ளமானவை. இரண்டு பரப்புகள் தொடும்போது மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. அதிர்வு வந்தால் அந்த உச்சிகள் மைக்ரோமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் உரசுகின்றன. உரசலில் பிறக்கும் உலோகத் துகள் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிறது. ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே எதுவும் கழலாமலே, பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும்போதே, இணைப்பு மெல்லக் கெடும். கடலோர மாவட்டத்தின் ஈரக் காற்று இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்துமுடிக்கும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு கவ்விகள், நடுவில் பிளாஸ்டிக்: இது ஒரு சின்ன மின்தேக்கி. சில பிகோஃபாரட் அளவுதான். மோட்டாரை ஓட்டி நிறுத்தும் சுற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதிர்வெண் பத்து மெகாஹெர்ட்ஸைத் தாண்டும்போது சமிக்ஞை அந்த வழியே பக்கத்து வரிசைக்குக் கசியத் தொடங்கும். இதனால் ஒரு வேடிக்கையான நிலை வரும். ப்ரெட்போர்டில் தடுமாறிய சுற்று, நல்ல பலகைக்கு மாறியதும் ஒழுங்காக ஓடும். எதிர்மாறாகவும் நடக்கும். ப்ரெட்போர்டில் ஒழுங்காக ஓடிய சுற்று, மாற்றிய பிறகு பித்துப்பிடித்ததுபோல நடந்துகொள்ளும். பெரும்பாலும் அங்கே ஏதோ ஒரு உள்ளீட்டுக் கால் எதனோடும் சேராமல் அந்தரத்தில் விடப்பட்டிருக்கும். ப்ரெட்போர்டின் கசிவு அதைத் தற்செயலாக அமைதியாக வைத்திருந்திருக்கும். எனவே மாதிரியை நிலையாக்குவது வெறும் நகலெடுக்கும் வேலையாக முடிவதில்லை. சுற்று எதனால் வேலை செய்கிறது என்பதை மறுபடி ஒருமுறை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளீயம், காரீயம்

கம்பியை விடாமல் பிடித்துக்கொள்ள மனிதர்கள் கண்ட வழி ஈயம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன: பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், துப்பாக்கிக் குண்டுக்கும் பேட்டரிக்கும் போவது காரீயம். சால்டர் வயர் இந்த இரண்டின் கலவை. பாட்டி வீட்டு ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதை அடுப்பில் வெறுமனே வைக்கக் கூடாது, ரசத்தையோ புளித்தண்ணீரையோ ஊற்றிய பிறகே வைக்க வேண்டும் என்பது அந்த வீடுகளின் பாலபாடம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். காலியாக இருந்தால் சுடர் அதை உருக்கிக் குழம்பாக்கிவிடும்.

காரீயம் 327 டிகிரியில் உருகும். இரண்டையும் கலந்தால் உருகுநிலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, இரண்டையும்விடக் குறைவு. அந்த விகிதத்தில் அது திடத்திலிருந்து திரவத்துக்கும், திரவத்திலிருந்து திடத்துக்கும் குழகுழப்பான இடைநிலை எதுவும் இல்லாமல் சட்டென்று மாறும். இந்த ஒரு குணத்தின் மேல்தான் மின்னணுத் தொழில் பல பத்தாண்டுகள் நின்றது.

சால்டர் கம்பியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் பசை என்று எண்ணுவது பொதுவான பிழை. உருகிய வெள்ளீயம் செம்பைத் தொட்டதும் செம்பின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைத்து, அதோடு வேதிவினை புரிந்து, இரண்டும் கலந்த புதிய உலோகச் சேர்மம் ஒன்றை உருவாக்குகிறது. ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு. சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள அந்தப் படலம்தான் உண்மையான இணைப்பு. ப்ரெட்போர்டில் இரண்டு உலோகங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன; இங்கே அவற்றுக்கு நடுவே இருந்த எல்லையே கரைந்துவிட்டது. காற்றும் ஈரமும் நுழைய வழி கிடையாது.

இந்த வினை நடக்கச் செம்பு சுத்தமாக இருக்க வேண்டும். தெருவில் வந்து ஈயம் பூசுகிறவர், பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கியதும் அதில் நவச்சாரத்தைத் தூவுவார், வெண்புகை எழும், அது ஆக்சைடு நீங்குவதன் அடையாளம். பிறகு ஈயத்தை வைத்துப் பஞ்சால் ஓர் இழுப்பு. உள்பக்கம் முழுவதும் வெள்ளியாகப் பளபளக்கும். சால்டர் வயரின் நடுவே குழல் போல ஓடும் பைன் மரப் பிசின் அதே வேலையைச் செய்கிறது. சால்டரிங் அயர்ன் வைத்ததும் எழும் புகை அந்தப் பிசினின் புகைதான். காரீயம் அந்தச் சூட்டில் ஆவியாவதில்லை. அது விரலில் ஒட்டிச் சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும். வேலை முடிந்ததும் கை கழுவாமல் டீ குடிக்கப் போகக் கூடாது. பிசின் புகையும் நல்லதல்ல. தொடர்ந்து சுவாசிக்கிறவர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஆய்வகத்தில் சன்னல் திறந்திருக்க வேண்டும், ஒரு சிறிய விசிறியாவது ஓட வேண்டும்.

பழைய பெட்டி டிவியின் தலையில் தட்டினால் படம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். மெக்கானிக் வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, ‘டிரை சால்டர்’ என்று ஒரே வார்த்தையில் நோயைச் சொல்லிவிடுவார். சூடு போதாமலோ, செம்பு அழுக்காக இருந்தோ, ஈயம் இறுகும்போது கம்பி அசைந்தோ போனால் அந்தச் சேர்மப் படலம் சரியாக உருவாகாது. ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டையாய் உட்கார்ந்திருக்கும். ஒட்டியதுபோலத் தெரியும், ஒட்டியிருக்காது. கனமான பாகங்களைச் சுற்றி, தினமும் சூடேறி ஆறுவதால் வட்டமாக விரிசல் விட்ட பழைய ஈயத்தையும் அதே பெயரில்தான் சொல்வார்கள். நல்ல சால்டர் பக்கவாட்டில் உட்குழிந்து, ஓரத்தில் மெலிந்து, பாவாடை விரிந்ததுபோலச் செம்பின்மேல் படர்ந்திருக்கும். அயர்ன் முனை கால், செம்பு வட்டம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டும் சூடான பிறகு ஈயத்தை அவற்றின்மேல் வைக்க வேண்டும், அயர்னின்மேல் வைக்கக் கூடாது. மொத்தம் இரண்டு, மூன்று நொடி. நூறு சால்டர் வைத்த கைக்கு இது தானாக வந்துவிடும்.

காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் அதைத் தடைசெய்தது. இந்தியாவும் மின்னணுக் கழிவு விதிகள் வழியே அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. இப்போது தொழிற்சாலைகளில் புழங்குவது வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம் கொண்ட கலவை. உருகுநிலை 217 டிகிரிக்கு மேல். விண்வெளித் துறைக்கு விலக்கு உண்டு, அதற்கு வலுவான காரணமும் உண்டு. காரீயம் சேராத தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற மெல்லிய உலோக முடிகள் தாமாகவே முளைத்து நீளும். பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட். 1998 மே மாதம் கேலக்ஸி 4 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் செயலிழந்ததற்கு இந்த வெள்ளீய முடிகளையே காரணமாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் அன்று மௌனமாயின.

டாட் போர்டில் ஒரு நாள்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் ‘டாட் போர்டு’ என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். சிலர் ‘ஜீரோ பிசிபி’ என்பார்கள். பழுப்பு நிறப் பலகை, 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு செம்பு வட்டம். இதன் அண்ணன் முறையான ஸ்ட்ரிப் போர்டில் செம்பு வட்டமாக இல்லாமல் நீள வரிகளாக ஓடும். பிரிட்டனின் வெரோ நிறுவனம் 1959 வாக்கில் அதை உருவாக்கியதால் உலகின் பல பகுதிகளில் வெரோ போர்டு என்ற பெயர் நிலைத்தது. ப்ரெட்போர்டின் அதே ஐந்து ஐந்து துளை அமைப்பில் செம்பு வரைந்த பலகைகளும் கிடைக்கின்றன. முதல்முறை மாற்றுகிறவருக்கு அவை நல்ல துணை. பாகத்தைப் பிடுங்கி, அதே இடத்தில் வைத்து, ஈயம் வைத்தால் முடிந்தது.

மாற்றும் வேலை அயர்னைச் சூடாக்குவதில் தொடங்குவதில்லை. முதல் வேலை படம் வரைவது. ப்ரெட்போர்டில் இருப்பதைப் பார்த்து, மனதில் இருப்பதைப் பார்க்காமல், ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு வரைய வேண்டும். நள்ளிரவில் ‘இதையும் போட்டுப் பார்ப்போம்’ என்று செருகிய ரெசிஸ்டர் அப்போதுதான் வெளிப்படும். வரைந்த பிறகு எதையும் பிரிக்கக் கூடாது. ஓடுகிற மாதிரி ஒன்று கையில் இருக்கும்போதே இரண்டாவதைக் கட்டுவதுதான் பாதுகாப்பு. புதியது ஓடவில்லை என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவதைப் பிரித்து அதே பாகங்களை எடுத்தவருக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. இதில் மிச்சமாகிற இருநூறு ரூபாய்க்கு இழப்பது இரண்டு நாள்.

டாட் போர்டில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று உண்டு. பாகங்கள் மேல்பக்கம், ஈயம் கீழ்ப்பக்கம். பலகையைத் திருப்பியதும் இடம் வலமாகிவிடும். எட்டுக் கால் ஐசியின் முதல் கால் இருக்கும் இடத்தில் எட்டாவது கால் இருக்கும். திருப்பிய பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இந்த வேதனை இல்லை. ஐசியை நேரடியாகப் பற்றவைக்காமல் ஐசி பேஸ் வைக்க வேண்டும். குட்டையான பாகம் முதலில், உயரமானது கடைசியில்; இல்லாவிட்டால் கவிழ்த்துப் பிடிக்கும்போது சின்ன ரெசிஸ்டர்கள் எல்லாம் கீழே விழும். தொட்டிக்குப் போகும் வயர், மோட்டாருக்குப் போகும் வயர் இரண்டுக்கும் திருகு வைத்த டெர்மினல். ஐசியின் மின்சாரக் காலுக்கு மிக அருகில் 104 என்று அச்சிட்ட சிறு கெபாசிட்டர் ஒன்று. அது 100 நானோஃபாரட். ரிலே அடிக்கும் நொடியில் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும்போது ஐசிக்குக் கைச்செலவுக்குக் காசு கொடுப்பதுபோல மின்னூட்டம் தருவது அதுதான். ப்ரெட்போர்டில் மறந்து விடப்படும் முதல் பாகமும் அதுவே. ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு கட்டாயம். ரிலே அணையும்போது சுருளிலிருந்து பாயும் எதிர்மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மோட்டாருக்கான 230 வோல்ட் ப்ரெட்போர்டின் மேலும் வரக் கூடாது, டாட் போர்டின் செம்பு வட்டங்களுக்கு இடையிலும் ஓடக் கூடாது. அந்த வட்டங்களின் விளிம்புகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மழைக்காலத்தில் பலகையின்மேல் ஈரமும் தூசியும் படிந்தால் அந்த இடைவெளியில் மின்சாரம் தவழ்ந்து போகும். ஒன்று ரிலேயைத் தனி மாட்யூலாக, தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். அல்லது அந்தப் பகுதிச் செம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆறு, எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெறும் பலகை விட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஐசியைப் பொருத்தாமலே முதல் சோதனை. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் பீப் கேட்கக் கூடாது. பிறகு மின்சாரம் கொடுத்து, ஐசி பேஸின் காலில் சரியான வோல்டேஜ் வருகிறதா என்று பார்த்து, அணைத்துவிட்டு ஐசியைச் செருகலாம். வீட்டு மாடியில் வைக்க ஒரே ஒரு கருவி போதும் என்றால் கதை இங்கேயே முடிகிறது. டாட் போர்டை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. ஒழுங்காகச் சால்டர் வைத்து, மேலே வார்னிஷ் பூசி, மூடிய டப்பாவில் வைத்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

செம்பில் வரைந்த படம்

பத்துக் கருவி வேண்டும் என்றால் பத்து முறை கம்பி இழுப்பது முடியாத காரியம். செம்பையே கம்பியாக அச்சிடும் யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பால் ஐஸ்லர். வியன்னாவில் 1907-ல் பிறந்த யூதர். நாஜி ஆபத்திலிருந்து தப்பி 1936-ல் லண்டன் சென்றவர். அங்கே வாடகை அறையில் அச்சிட்ட சுற்றோடு ஒரு வானொலிப் பெட்டியைச் செய்து காட்டினார். அன்றைய தொழிற்சாலைகளில் வானொலிக்குள் கம்பி இழுத்தது பெரும்பாலும் பெண்களின் கைகள். அந்தக் கைகளே போதும் என்று முதலாளிகள் இருந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் அந்த மனதை மாற்றியது. 1948-ல் அமெரிக்க ராணுவம் தொழில்நுட்பத்தை வெளியே விட்ட பிறகு, அச்சிட்ட சுற்றுப் பலகை, அதாவது பிசிபி, உலகம் முழுவதும் பரவியது.

இன்று பலகை என்பது கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த 1.6 மில்லிமீட்டர் தகடு. மேலே 35 மைக்ரோமீட்டர் செம்பு. வரைவதற்கு கீகேட் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிரான்சின் ஜான்-பியர் ஷாரா 1992-ல் தொடங்கியது. பிறகு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமே அதை வளர்க்கக் கைகொடுத்தது. வரைந்ததை கெர்பர் கோப்பாக மாற்றிப் பலகை செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பினால் பலகை தபாலில் வந்துவிடும். அனுப்பும் முன் ஒரு காரியம்: படத்தை அதே அளவில் காகிதத்தில் அச்சிட்டு, பாகங்களைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ரிலேயின் கால்கள் துளைகளோடு ஒத்துப்போகாதது திரையில் தெரியாது, காகிதத்தில் உடனே தெரியும். பிசிபியில் செம்பும் ஒரு பாகம் என்பதை மறக்கக் கூடாது. மெல்லிய கோட்டில் ரிலேயின் மின்சாரம் ஓடினால் அது சூடாகும். கீழ்ப்பக்கம் முழுவதையும் மைனஸுக்கு ஒதுக்கிச் செம்பு விரித்தால், ப்ரெட்போர்டில் தொல்லை கொடுத்த இரைச்சலில் பெரும்பகுதி தானே அடங்கும்.

பத்து, ஆயிரமானால் கை விலகிக்கொள்ள வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் வந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ‘எஸ்எம்டி லைன்’ என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. வேலை இழந்தவர்களின் துயரம் தனியாக எழுத வேண்டிய கதை. தொழில்நுட்பம் இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. சாம்சங், ஃப்ளெக்ஸ், ஃபாக்ஸ்கான் என்று அதே சாலையில் தொடர்ந்தது.

அந்த லைனில் நடப்பது இது. மெல்லிய எஃகுத் தகட்டில் துளைகள் வெட்டியிருக்கும். அதைப் பலகையின்மேல் வைத்து, பிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்த ஈயப் பசையை இழுப்பார்கள், அரிசி மாவில் அச்சுக் கோலம் போடுவதுபோல. துளை இருந்த இடத்தில் மட்டும் பசை படியும். அடுத்த இயந்திரம் ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட, கடுகைவிடச் சிறிய பாகங்களைக் காற்றால் உறிஞ்சி எடுத்து மணிக்குப் பல்லாயிரம் என்ற வேகத்தில் வைக்கும். பிறகு நீண்ட அடுப்பு. பலகை ஊர்ந்து உள்ளே போய், மெல்லச் சூடேறி, ஏறக்குறைய 245 டிகிரியைத் தொடும் வழியில் ஈயம் உருகி, மறுபுறம் ஆறி வெளிவரும். உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை கொஞ்சம் கோணலாக வைத்த பாகத்தைக்கூட இழுத்து நேராக்கிவிடும். ஒரு முனையில் ஈயம் முந்தி உருகினால் அதே விசை பாகத்தை ஒரு காலில் தூக்கி நடுகல் போல நிறுத்திவிடும். கேமராக்கள் அதைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஈயம் சரியாக அமைந்தால் மட்டும் கருவி நிலைத்துவிடாது. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் வாகனங்களையும் அவற்றின் மின்னணுப் பாகங்களையும் சோதிக்கிறது. பக்கத்துக் கருவியின் அலை இதைக் குழப்புகிறதா, இதன் அலை பக்கத்துக் கருவியைக் குழப்புகிறதா என்று பார்க்கும் சோதனையும் அதில் அடக்கம். சென்னை தரமணியில் உள்ள சமீர் மையத்திலும் இவ்வகைச் சோதனை நடக்கிறது. தொட்டிக் கருவியில் மோட்டார் தொடங்கும் நொடியில் மைக்ரோகன்ட்ரோலர் தானாக ரீசெட் ஆனால், அதுவும் இந்த வகை நோய்தான்.

ஒரு மாதிரி நிலையான கருவியாவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு, தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமான சான்று மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெங்களூர்ப் பிரிவில் அதன் வடிவமைப்பை மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. மண்ணூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள குரோம்பேட்டை எம்ஐடியில் மின்னணுவியல் படித்தவர். ஹைதராபாத்தின் ஈசிஐஎல் நிறுவனம் 1979-ல் ஒரு மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் அதை அரசியல் கட்சிகளுக்குச் செய்து காட்டியது. 1982 மே மாதம் கேரளத்தின் பரூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல்முறையாக இயந்திரத்தில் வாக்குப் பதிவானது.

செய்ய வேண்டிய கணக்கு சிறியது: பொத்தானை அழுத்தினால் ஒன்றைக் கூட்ட வேண்டும். அதைச் செய்யும் சுற்றை இன்று ஒரு டிப்ளமா மாணவர் ப்ரெட்போர்டில் அரை நாளில் கட்டிவிடுவார். ஆனால் இந்த இயந்திரம் மின்சாரமே இல்லாத ஊரில் பேட்டரியில் ஓட வேண்டும். ஜீப்பிலும் படகிலும் தலைச்சுமையாகவும் போக வேண்டும். ஐந்து மீட்டர் கேபிளின் மறுமுனையில் அதை முன்பின் பார்த்திராத ஒருவர் அழுத்தும்போது ஒரு முறைகூடத் தவறக் கூடாது. தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்து, எடுத்த அன்றே வேலை செய்ய வேண்டும். பரூரில் இயந்திரம் ஓடியது. சட்டம் தயாராக இல்லை. இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. 1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1989-90-ல் செய்த இயந்திரங்கள் மறுபடி தேர்தலுக்கு வந்தது 1998 நவம்பரில், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 சட்டமன்றத் தொகுதிகளில். செய்து முடித்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பலகைகள் அன்று வாக்குகளை எண்ணின. 2001-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது, 2004-ல் நாட்டின் 543 மக்களவைத் தொகுதிகளிலும்.

அதே எம்ஐடி வளாகத்தில் உருவான அனுசாட் இன்னொரு சான்று. அண்ணா பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த 40 கிலோ செயற்கைக்கோள். 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி சி-12 ராக்கெட்டில் ஏறியது. ஏவும்போது வரும் அதிர்வில் எந்த ஜம்பர் வயரும் நிற்காது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவாகி விண்ணுக்குப் போன முதல் செயற்கைக்கோள் அது. அதைச் செய்தவர்கள் வகுப்பறையிலிருந்து வந்தவர்கள்.

தண்டலம், மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வைவா முடிந்ததும் ப்ரெட்போர்டைப் பிரித்து, பாகங்களை எண்ணி, ஆய்வகத்தில் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சிக்கனம்தான், ஆனால் மாணவர் பாதிப் பாடத்தோடு வெளியேறுகிறார். அடுத்த மாதமே அவர் பக்கத்து ஆலையில் ஈயப் பசையும் அடுப்பும் கொண்ட லைனில் நிற்கப் போகிறவர். ஒரு டாட் போர்டு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைகூட ஆகாது. ஒவ்வொரு குழுவும் தன் சுற்றை ஒருமுறையாவது ஈயம் வைத்துக் கட்டி, டப்பாவில் அடைத்து, வேலை நடக்கும் இடத்தில் மாட்டிவிட்டுப் போகட்டும். தொட்டிக் கருவி செய்தவர்கள் அதை விடுதியின் மாடியிலேயே பொருத்தட்டும். அடுத்த ஆண்டு மழையும் வெயிலும் பார்த்த பிறகு, தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதா என்று புதிய மாணவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். நின்றால், செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தெரிவியுங்கள்.